டெஸ்ட் பண்ணியாச்சு என்று சொன்னால் பேக்கேஜ் பட்டியலைக் கேளுங்கள்

சர்வர் பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் விட்டிருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். எந்த அப்டேட்டும் முதலில் டெஸ்ட் சர்வரில் போட்டு, ஒரு வாரம் கவனித்த பிறகுதான் பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் சர்வரான புரொடக்‌ஷனுக்குப் போகும் என்பது எங்கள் ஒப்பந்தம். மாதாமாதம் 'சோதனை முடிந்தது' என்று அறிக்கையும் வரும். அதற்குத் தனிக் கட்டணம் வேறு.

அப்படி ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, புரொடக்‌ஷனில் மட்டும் டேட்டாபேஸ் இணைப்புகள் அறுந்துகொண்டே இருந்தன. டெஸ்ட்டில் ஒன்றுமில்லை. கேட்டால், "உங்க கோடுலதான் பிரச்சினை" என்றார்கள்.

பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவும் கருவியான ஏபிடி எழுதிவைக்கும் ஹிஸ்டரி லாகை இரண்டு சர்வரிலிருந்தும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தோம். எந்த நேரத்தில் என்ன கட்டளை ஓடியது, எந்த பேக்கேஜ் எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போனது, எல்லாம் அதில் இருக்கும். டெஸ்ட்டில் ஒருநாள் 'அப்கிரேட்' ஓட்டியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து அதே கட்டளையைப் புரொடக்‌ஷனில் ஓட்டியிருக்கிறார்கள், அதுவும் நேராகப் பொது ரெபோவிலிருந்து, அதாவது எல்லாருக்கும் பொதுவான இணையப் பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து. அந்த ஒரு வாரத்தில் ரெபோவுக்கு வந்த புதுப் பதிப்புகள் எந்தச் சோதனையும் இல்லாமல் புரொடக்‌ஷனில் ஏறிவிட்டன. டேட்டாபேஸோடு இணைக்கும் கிளையன்ட் லைப்ரரியும் அதில் ஒன்று. டெஸ்ட்டில் இருந்த பதிப்பையே இங்கும் போட்டதும் இணைப்பு அறுவது நின்றது.

காட்டியபோது, "எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க" என்றார்கள். இல்லை. ரெபோவின் ஒரு நாள் நிலையை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்து, டெஸ்ட்டையும் புரொடக்‌ஷனையும் அதே ஸ்னாப்ஷாட்டிலிருந்து அப்டேட் செய்ய வேண்டும். ஆப்ட்லி இதற்கென்றே இருக்கும் இலவசக் கருவி. ரெட் ஹேட் லினக்ஸ் பக்கம் அதே வேலைக்குக் கட்டெல்லோ இருக்கிறது. டெபியன் லினக்ஸ் தன் பழைய பேக்கேஜ்களைத் தேதிவாரியாக இணையத்திலேயே வைத்திருக்கிறது.

உபுண்டு லினக்ஸ் என்றால் இரண்டு சர்வரிலும் ஒரே நாளில் ஓட்டினாலும் போதாது. 21.04 பதிப்பு முதல் ஏபிடி சில அப்டேட்டுகளைப் படிப்படியாகத்தான் தருகிறது, ஒரு சர்வருக்குக் கிடைப்பது பக்கத்துச் சர்வருக்கு அன்று கிடைக்காமல் போகலாம். தானாக ஏறும் பாதுகாப்பு அப்டேட்டும் உபுண்டு சர்வரில் இயல்பாகவே இயங்கும். அது எந்த ரெபோவிலிருந்து எடுக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிறுவனத்திடம் இன்றே இரண்டு சர்வரின் முழு பேக்கேஜ் பட்டியலையும் பதிப்பு எண்ணோடு கேட்டு வாங்கி, டிஃப் போட்டு (வரிக்கு வரி ஒப்பிட்டு) பாருங்கள். ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, சோதனைக் கட்டணத்தை லாக் ஆதாரத்தோடு திருப்பிக் கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.