பெசா: யூதர்களைக் காப்பாற்றிய முஸ்லிம்களின் முகங்கள்

மத நல்லிணக்கம் என்று சொல்லி எடுக்கும் புகைப்படங்கள் மீது எனக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றையும் ஒரே ஃப்ரேமில் அடக்குவார்கள், இல்லையென்றால் மூன்று குழந்தைகளுக்கு மூன்று வேஷம் போடுவார்கள். பார்த்ததும் புரிந்துவிடும், அதோடு முடிந்தும்விடும். நார்மன் கெர்ஷ்மனின் ‘பெசா’ என்ற இந்தப் புகைப்படப் புத்தகம் அந்த வகை இல்லை. அவர் அமெரிக்க யூதர். இரண்டாம் உலகப் போரில் யூதர்களை வீட்டில் வைத்துக் காப்பாற்றிய அல்பேனிய முஸ்லிம்களை, அவர்கள் உயிரோடு இல்லை என்றால் அவர்களுடைய குடும்பத்தாரைத் தேடிப் போய், பேசவிட்டுக் கேட்டு, படம் எடுத்திருக்கிறார். 2008-இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது.

கருப்பு வெள்ளைப் படங்கள், கூடவே அந்தக் குடும்பத்தார் சொன்ன கதை. பெசா என்பது அல்பேனியர்கள் உயிரைக் கொடுத்தாவது காக்கும் வாக்குறுதி. லிமே பாலா என்ற பாட்டி சொல்வதைப் படியுங்கள். 1943, ரமலான் மாதம், தலைநகர் திரானாவிலிருந்து தப்பி வந்த 17 யூதர்களை ஊரே பங்கு பிரித்துக்கொள்கிறது, இவர் வீட்டுக்கு மூன்று சகோதரர்கள். சாப்பாட்டு மேசைகூட இல்லாத ஏழை வீடு, ஆனால் வந்தவர்களிடம் காசு வாங்கவில்லை. அவர்களுக்கும் விவசாயி உடை போட்டுவிட்டு 15 மாதம் பாதுகாத்திருக்கிறார்கள், உள்ளூர் போலீசுக்கும் தெரியுமாம்!

எனக்கு ரொம்பப் பிடித்தது வெசேலி குடும்பத்தின் கதை. 17 வயது ரெஃபிக், மோஷே மண்டில் என்ற யூதப் புகைப்படக்காரரிடம் தொழில் பழகிய பையன். ஜெர்மானியர்கள் வந்ததும் மண்டில் குடும்பத்தை குரூயாவில் இருந்த தன் பெற்றோர் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான், அப்புறம் போர் முடிந்து யூகோஸ்லாவியாவின் நோவி சாத் நகருக்குப் போய் அவரிடமே மிச்சத் தொழிலையும் கற்றான். யூத இனப்படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவு மையமான யாத் வஷேம், யூதர்களைக் காப்பாற்றியதற்காக 1987-இல் கௌரவித்த முதல் அல்பேனியர்கள் இந்தக் குடும்பத்தார்தான்.

இவர்களில் பலர் தங்கள் மார்க்கம் சொன்னதைத்தான் செய்தோம் என்கிறார்கள். மதத்தை ஒதுக்கிவைத்தால்தான் அடுத்தவரோடு ஒத்துப்போக முடியும் என்று நினைப்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

ஒரு குறை உண்டு. போர் முடிந்தபோது அல்பேனியாவில் முன்பைவிட அதிக யூதர்கள் இருந்தார்கள், அது உண்மை. ஆனால் அன்று அல்பேனியாவோடு சேர்க்கப்பட்டிருந்த கொசோவோவில், அல்பேனியர்களைக் கொண்ட ஸ்கந்தர்பெக் என்ற நாஜி எஸ்.எஸ். படை 1944-இல் யூதர்களை ஜெர்மானியர்களிடம் பிடித்துக்கொடுத்தது. இந்த முகங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தால் அந்தப் பக்கம் தெரியாமலே போய்விடும், கூடவே ஒரு வரலாற்றுப் புத்தகமும் வேண்டும். இன்னொன்று, பல கதைகள் பிள்ளைகள் அரை நூற்றாண்டு கழித்துச் சொன்னவை, அதனால் நாள், எண்ணிக்கை எல்லாவற்றையும் அப்படியே ஆவணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, வாங்கலாமா? தாராளமாக. யோசனையாக இருந்தால் யாத் வஷேம் இணையதளத்தில் இந்தப் படங்களில் சிலவற்றைக் கதையோடு இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், முதலில் அவற்றைப் பாருங்கள்.