சி லேபைத் திருத்த எது சரி: கோட்ரன்னரா, விபிஎல்லா?

முதலாமாண்டு சி மொழி புரோகிராமிங் லேபில் ஒரு பேட்சுக்கு எழுதப்படும் புரோகிராம்களை ஆசிரியர் உட்கார்ந்து படித்து, அடுத்த லேபுக்குள் குறிப்பு எழுதித் தருவது நடக்காத காரியம். அவுட்புட் வந்ததா, ரெக்கார்டில் கையெழுத்து, அவ்வளவுதான். அதனால்தான் கணினியே திருத்திச் சொல்லும் கருவிகளைத் தேடுகிறோம். கல்லூரியில் ஏற்கெனவே மூடுல் (பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்தும் மென்பொருள்) இருந்தால், காசில்லாமல் கிடைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லாப் உருவாக்கிய கோட்ரன்னர். இன்னொன்று, ஸ்பெயினின் லாஸ் பால்மாஸ் தெ கிரான் கனாரியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வர்ச்சுவல் புரோகிராமிங் லேப், சுருக்கமாக விபிஎல். இரண்டிலும் வகுப்பு எடுத்துவிட்டு நான் கோட்ரன்னர் பக்கம் சாய்ந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிட்ஹப் கிளாஸ்ரூமைப் பலர் சிபாரிசு செய்வார்கள். முதல் செமஸ்டரில் லூப் புரியாமல் திணறும் பிள்ளைக்கு அதற்குத் தேவையான கிட்டையும் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) சேர்த்துக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெம்பில்லை.

பொதுவானவற்றைச் சட்டென்று தாண்டிவிடலாம். இரண்டிலும் பிரவுசரிலேயே எழுதலாம், டெஸ்ட் கேஸ் (ஒரு உள்ளீடும் அதற்கு வர வேண்டிய விடையும்) வைத்துத் திருத்தலாம், மதிப்பெண் நேராக மூடுலில் ஏறிவிடும்.

விபிஎல்லுக்கு இரண்டு நிஜமான பலங்கள் உண்டு. மாணவர் தன் புரோகிராமை ஒரு கன்சோலில் ஓட்டி, தானே உள்ளீடு தட்டிப் பார்க்கலாம். கோட்ரன்னரில் உள்ளீடு டெஸ்ட் கேஸிலிருந்துதான் வரும். இரண்டாவது பலம் நம் ஊர் வழக்கத்துக்கு ரொம்பவே ஒத்துப்போகிறது. லேப் மேனுவலைப் பார்த்துப் படித்தவர்கள் எல்லாப் புரோகிராமிலும் ‘என்டர் த வேல்யூ ஆஃப் என்’ என்று அச்சடித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். எதிர்பார்க்கும் விடையில் எண்கள் மட்டும் இருந்தால், விபிஎல் மாணவரின் அவுட்புட்டிலிருந்தும் எண்களை மட்டும் பொறுக்கி ஒப்பிடும். அந்த வரி தானாக மன்னிக்கப்பட்டுவிடும். ஆனால் ‘என்டர் நம்பர் 1’ என்று எழுதினால் அந்த 1-உம் விடையில் சேர்ந்துகொள்ளும்! கோட்ரன்னரில் இந்தச் சலுகை இயல்பாகக் கிடையாது. வரி அப்படியே பொருந்த வேண்டும். முதல் வாரம் முழுக்க ‘சார், அவுட்புட் கரெக்டா வருது, ஆனா சிவப்பு காட்டுது’ என்ற புகார்தான் வரும்.

சர்வர் விஷயத்தில் கோட்ரன்னர் எளிது. மாணவர் எழுதிய கோடை ஓட்டும் ஜோப் சர்வரோடு மூடுல் மட்டுமே பேசும். அதை உள் நெட்வொர்க்கில் ஒளித்து வைத்துவிடலாம். விபிஎல்லில் மாணவரின் பிரவுசரே ஓட்டும் சர்வரோடு நேரடியாக இணைய வேண்டும். அதற்கு ஃபயர்வாலில் போர்ட் (இணைப்புக்கான வாசல்) திறக்கணும், சர்வருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கணும், அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளணும். கல்லூரி ஃபயர்வாலுக்குப் பொறுப்பானவரிடம் போர்ட் திறக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது சர்வர் இல்லை; கேள்விகளைப் பராமரிக்கும் வேலை. தானியங்கித் திருத்தத்தில் உழைப்பு முழுவதும் டெஸ்ட் கேஸ் எழுதுவதில்தான் போகிறது. எழுதிய ஆசிரியர் ஒரு வருடத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார். அடுத்து வருபவர் ஒரு கேள்வியைத் திருத்தப் போய், எதிர்பார்க்கும் விடையில் ஒரு எண்ணை மாற்றித் தட்டிவிட்டால், வகுப்பு முழுவதும் சரியான புரோகிராம் எழுதிவிட்டு சிவப்பு வாங்கும். கோட்ரன்னரில் ஒவ்வொரு கேள்வியோடும் மாதிரி விடையையும் சேர்த்து வைக்கலாம். கேள்வியைச் சேமிக்கும்போதே அந்த விடையை ஓட்டிப் பார்த்து, எந்த டெஸ்ட்டில் ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவிடும். மாதிரி விடையே தப்பாக இருந்தால் அது காப்பாற்றாது, அது வேறு கதை.

இன்னும் பெரிய வசதி ஒன்று உண்டு. கேள்வி வங்கியில் உள்ள எல்லாக் கேள்விகளின் மாதிரி விடைகளையும் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்க்கலாம். சர்வரில் கம்பைலரை (சி கோடை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) புதுப்பித்தால் செமஸ்டர் தொடங்கும் முன் இதை ஓட்டிவிட்டால் போதும், உடைந்த கேள்விகள் பட்டியலாக வந்துவிடும். விபிஎல்லில் இதற்கு ஈடான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கேள்விகளுக்குப் பொதுவான அச்சும் இதே கணக்கில்தான் வருகிறது. கோட்ரன்னரில் நம் சி கேள்விகளுக்கென்று ஒரு மூலவகை, அதாவது பொது வார்ப்பு, செய்துகொண்டால், அதில் செய்யும் மாற்றம் அதைச் சார்ந்த எல்லாக் கேள்விகளுக்கும் போய்ச்சேரும். உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃபில் & குறி விட்டுப்போனால் கம்பைலர் சொல்லும் ஆங்கிலச் செய்தி தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைக்கு ஒன்றும் சொல்வதில்லை. மூலவகையில் அந்தச் செய்தியைப் பிடித்து, அதன் கீழே ‘மாறியின் பெயருக்கு முன் & போட்டீர்களா?’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்தேன். கேள்வி கேள்வியாகப் போய் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. விபிஎல்லிலும் ஒரு பயிற்சியை இன்னொன்றின் மேல் கட்டலாம். ஷெல் ஸ்கிரிப்ட் தெரிந்தவர் இதையெல்லாம் அதிலும் செய்துவிடுவார். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனிக் குறிப்பு எழுதுவது விபிஎல்லில் இன்னும் சுலபம்கூட. ஆனால் அங்கே ஒவ்வொரு கேள்வியும் தனிப் பயிற்சியாக நிற்கும். கோட்ரன்னரில் அது வினாடிவினாக் கேள்வி. பக்கத்துப் பக்கத்து மாணவர்களுக்கு வேறு வேறு கேள்வி விழுமாறு வங்கியிலிருந்து எடுக்கலாம்.

கோட்ரன்னரைத் தேர்ந்தெடுப்பவர்கள், தவறான முயற்சிக்கு மதிப்பெண் குறைக்கும் தண்டனை அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். இயல்பாக முதல் தவறுக்கே 10 சதவீதம் போய்விடும், அடுத்ததோடு 20 ஆகும். நான் முதல் சில முயற்சிகளை இலவசமாக விட்டேன். வரம்பே இல்லாமல் விட்டால் யோசிக்காமல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள், அதையும் பார்த்தாயிற்று.

இவ்வளவும் சி, கொஞ்சம் பைத்தான் என்ற அனுபவத்தில் சொல்வது. பல கோப்புகள் கொண்ட ஜாவா புராஜெக்டுகளை கோட்ரன்னரில் திருத்திப் பார்த்ததில்லை. அந்த வேலைக்கு விபிஎல்லின் கோப்பு எடிட்டர்தான் தோதாகத் தெரிகிறது. விடைகளின் ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. பத்து வரி சி புரோகிராமில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதால் எனக்கு அது உதவவில்லை. இரண்டாமாண்டு மினி புராஜெக்டுக்கு உதவலாம்.