சிங்கப்பூர் வெயிலில் ஒரு கார்பன் பாய்மரம்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சொந்தமாகக் கார்பன் இழைப் பாய்மரம் செய்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் எல்லாரும் முதலில் கேட்பது "காற்றுக்குத் தாங்குதா?" என்பதைத்தான். சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சிங்கப்பூரில் காற்று இரண்டாவது கவலை. முதல் கவலை வெயில். படகுத்துறையில் தாங்கியின் மேல் சும்மா கிடக்கும் நேரத்தில்தான் இந்தப் பாய்மரத்துக்கு உண்மையான சோதனை நடக்கிறது. அதனால் இந்தப் பகிர்வில் பெரும்பகுதி சூட்டைப் பற்றியே இருக்கும்.

என்னுடையது 12 அடி ஒட்டுப்பலகைப் படகு. ஒரே பாய், ஒரே ஆள். ஈஸ்ட் கோஸ்ட் பக்கமும் சாங்கிப் பக்கமும் ஓட்டுகிறேன். பாய்மரத்தின் அமைப்பை மட்டும் உறைந்த ஏரிகளில் ஓடும் டிஎன் பனிப்படகிலிருந்து எடுத்துக்கொண்டேன். 1936-37 குளிர்காலத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நியூஸ் நாளிதழுடைய பட்டறையில் உருவான படகு அது; டிஎன் என்பது அந்த நாளிதழின் பெயர்ச் சுருக்கம். சாதாரண ஆள் வீட்டில் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே வரையப்பட்டது. 16 அடிப் பாய்மரம், 60 சதுர அடிப் பாய், பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்க மூன்று தாங்கு கம்பிகள். பாய்மரத்தின் அடி ஓர் உருண்டையின்மேல் உட்கார்ந்திருப்பதால் அது பாயோடு சேர்ந்து திரும்பும். தொடக்கத்தில் மரத்தில்தான் செய்தார்கள். இன்று பந்தயத்தில் ஓடுபவை கார்பனும் கிளாஸ் ஃபைபரும் (கண்ணாடி இழை) கலந்தவை.

ஏன் மாறினார்கள் என்பது முக்கியம். எடை குறைவு என்பது பாதிக் காரணம்தான். பனிக்கட்டியில் உராய்வு மிகக் குறைவு. படகு காற்றின் வேகத்தைப்போல மூன்று நான்கு மடங்கு ஓடும். அந்த வேகத்தில் பாய் தட்டையாக இருக்க வேண்டும். பாய்க்கயிற்றை இழுத்து இறுக்கும்போது பாய்மரத்தின் நடுப்பகுதி காற்று போகும் பக்கமாக வளைந்து, பாயின் வயிற்றை இழுத்துத் தட்டையாக்குகிறது. கயிற்றைத் தளர்த்தினால் நிமிர்ந்துவிடும். இழுத்தால் வளைந்து விட்டால் நிமிரும் தூண்டில் கழியைப்போல, உடையாமல், கோணலும் ஆகாமல், ஆயிரக்கணக்கான முறை இதைச் செய்ய வேண்டும். அலுமினியம் ஓர் எல்லையைத் தாண்டினால் வளைந்தபடியே நின்றுவிடும். கிளாஸ் ஃபைபர் நன்றாக நீண்டு கொடுக்கும், கார்பன் விறைப்பைக் கொடுக்கும். இரண்டையும் எந்த அளவில் கலக்கிறோம் என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

என் படகு தண்ணீரில் ஓடுவது. அது காற்றைவிட வேகமாகப் போகப் போவதில்லை. பலத்த காற்றடித்தால் சாய்ந்து கொடுத்துவிடும். ஆகவே டிஎன் அளவுக்குத் தடித்த சுவர் எனக்குத் தேவைப்படவில்லை. முன்பின் 95 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 55 மில்லிமீட்டர் கொண்ட நீள்வட்டக் குழல். சுவர் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். உள்ளிருந்து வெளியே சொன்னால்: 45 பாகைச் சாய்வில் பின்னிய கிளாஸ், நெடுக ஓடும் ஒரே திசைக் கார்பன் பட்டைகள் (மேலே போகப் போகக் குறையும்), மறுபடியும் 45 பாகைக் கிளாஸ், மேலே மெல்லிய கிளாஸ் துணி. நெடுக்கு இழை வளைவைத் தாங்கும். சாய்வு இழை முறுக்கைத் தாங்கும். சாய்வு இழை இல்லாவிட்டால் நெடுக்கு இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, குழல் நீளவாக்கில் பிளந்துவிடும். கம்பிகள் பிடிக்கும் இடத்திலும் பூம் (பாயின் அடியைப் பிடிக்கும் குறுக்குக் கழி) உட்காரும் இடத்திலும் குழலைச் சுற்றிக் கூடுதல் அடுக்குகள் உண்டு. எடை பொருத்திகளோடு ஆறு கிலோவுக்குச் சற்று மேல்.

பாதி வேலை துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் நாகப்பட்டினத்து அண்ணன் ஒருவருடையது. சுனாமிக்குப் பிறகு ஊரில் ஃபைபர் படகு செய்த கை அது. மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பைப் பரப்புவதிலும் ரோலர் ஓட்டிக் காற்றுக்குமிழியை வெளியே தள்ளுவதிலும் அவருக்கு இணையாக நான் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் இழைகளை ஒட்டி இறுக்கும் பிசினாக அவர் பழகியது பாலியெஸ்டர் ரெசின். நான் எடுத்தது இபாக்ஸி ரெசின்; அதை உறைய வைக்கக் கலக்கும் ஹார்ட்னர் வேறு சங்கதி. வெறுங்கையில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் தோல் ஒவ்வாமை வந்து, பிறகு அந்தப் பக்கமே போக முடியாது. நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்றேன். "சரி தம்பி, உன் மருந்துக்கு உன் பத்தியம்" என்று போட்டுக்கொண்டார். உறைந்ததை உப்புத்தாளால் தேய்க்கும்போது முகமூடியும் கட்டாயம். கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பக்கத்தில் கணினி, விசிறி எதுவும் ஓடக் கூடாது.

டெட்ராய்ட் பக்கம் கார் கொட்டகையில் பாய்மரம் செய்பவர்களுக்குக் குளிர்தான் எதிரி. ரெசின் உறையாமல் கிடக்கும், ஹீட்டர் வைப்பார்கள். நமக்கு நேர் எதிர். வெப்பம் 10 பாகை ஏறினால் கலந்த ரெசின் வேலைக்கு உதவும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 32 பாகையில் கிண்ணத்தில் கலந்து வைத்தால் சற்று நேரத்தில் தானே சூடேறிப் புகைகிறது. அகலமான தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி வைத்தால் சூடு வெளியேறி நேரம் கிடைக்கும். ஈரப்பதம் இன்னொரு தொல்லை. இங்கே காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். ஈரக் காற்றில் உறையும் இபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டவே ஒட்டாது. மெதுவான ஹார்ட்னர், குளிர்சாதனம் ஓடும் அறை, மேலே பீல் பிளை துணி (உறைந்ததும் பிசுக்கோடு உரித்தெடுப்பது), காற்றை உறிஞ்சி அடுக்குகளை அமுக்கும் வேக்குவம் பை என்ற நான்கும் சேர்ந்தபோது இந்தத் தொல்லைகள் தீர்ந்தன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இது நடக்காது. 16 அடி நீளத்தைத் தாழ்வாரத்தில் கிடத்த முடியாது, கிடத்தவும் கூடாது. காக்கி புக்கிட்டில் தெரிந்தவரின் பட்டறையில் வார இறுதிகளில் இடம் கிடைத்தது.

இனி சூடு. சாதாரண வெப்பத்தில் உறைந்த இபாக்ஸி, தான் உறைந்த வெப்பத்தைவிடச் சற்றே கூடுதலான வெப்பத்தில் இளக ஆரம்பிக்கும். பெரும்பாலான வீட்டு உபயோக இபாக்ஸிகளுக்கு அது 50 முதல் 60 பாகைக்குள் வரும். ரெசின் உருகி ஓடாது. விறைப்பை இழந்து, சுமை இருக்கும் திசையில் மெல்ல நகரும். நண்பகலில் நம் வெயிலில் கிடக்கும் கறுப்புக் கார்பனின் மேற்பரப்பு 60 பாகையைச் சுலபமாகத் தொடும். பனியில் ஓடும் பாய்மரத்துக்கு இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. அதனால் அங்கிருந்து வரும் செய்முறைகளில் இதற்கு அவ்வளவு அழுத்தம் இருக்காது. இங்கே இதுதான் முதல் பாடம்.

நம்பாதவர்களுக்காக ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. பாய்மரத்துக்குப் போட்ட அதே அடுக்கில் இரண்டு பட்டைகள் செய்தேன். ஒன்றை, உறைந்த பிறகு மறுபடி மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்தினேன் (ரெசின் இளகும் வெப்பம் இதனால் உயரும்), மற்றதை அப்படியே விட்டேன். இரண்டையும் இரு செங்கல்களுக்கு நடுவே பாலம்போல வைத்து, நடுவில் ஒரே அளவு சுமையைத் தொங்கவிட்டு, மதிய வெயிலில் போட்டேன். மாலையில் சுமையை எடுத்தபோது பதப்படுத்திய பட்டை நிமிர்ந்துவிட்டது. மற்றது தொய்ந்த வளைவோடு அப்படியே நின்றது. அந்தப் பட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். பாய்மரம் செய்யப் போகிறேன் என்று வருபவர் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

பதப்படுத்த அடுப்பு வாங்கத் தேவையில்லை. கட்டடங்களில் வெப்பத் தடுப்புக்குப் போடும் நுரைப் பலகைகளை ஒட்டி நீளமான பெட்டி செய்தோம். இரு முனையிலும் சிறு ஹீட்டர், உள்ளே காற்றைச் சுற்றிவிட விசிறி, மூன்று இடங்களில் வெப்பமானி. மணிக்குப் பத்துப் பாகைக்கு மேல் ஏற்றாமல் 60 பாகைக்குக் கொண்டுபோய், எட்டு மணி நேரம் அங்கேயே நிறுத்தி, மெல்ல இறக்கினோம். ஏறும்போது ரெசின் ஒரு கட்டத்தில் இளகும் என்பதால், பாய்மரத்தை நூல் பிடித்த நேரான இரும்புச் சட்டத்தின் மேல் நெடுகத் தாங்கல் கொடுத்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்த வடிவில் கிடக்கிறதோ அந்த வடிவம்தான் கடைசி வரைக்கும். உங்கள் ரெசினுக்கு எந்த வெப்பம், எவ்வளவு நேரம் என்று தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். அதைப் பின்பற்றுங்கள், என் எண்களை அல்ல.

அடுத்தது வெள்ளை நிறம். கார்பனின் கறுப்பு நெசவு பார்க்க அழகு, எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் இபாக்ஸிக்குப் புற ஊதாக் கதிர் ஆகாது. மூடாமல் விட்டால் மஞ்சளித்துச் சுண்ணாம்பாக உதிரும். இபாக்ஸி பிரைமர், அதன்மேல் இரு பாகப் பாலியூரிதேன் வெள்ளை அடித்தேன். நல்ல வெயிலில் கைவைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்: பக்கத்துப் படகின் கறுப்புப் பூமில் கையை வைத்திருக்க முடியாது, இந்த வெள்ளையில் முடியும். கறுப்பாக விட வேண்டும் என்று ஆசைப்படும் நண்பர்களிடம் நான் விடாப்பிடியாக வாதாடுவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பலன் என்ன? 4.5 மீட்டர் இடைவெளியில் இரு முனையைத் தாங்கி, நடுவில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று அளப்பது வழக்கம். புதிதாக இருந்தபோது 52 மில்லிமீட்டர். அண்மையில் அளந்தபோது 54. மூட்டையை எடுத்ததும் இரு முறையும் நூல் பிடித்தாற்போல நேராகிவிட்டது. டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வாடைக்காற்று நிலையாக வீசும் மாதங்களில் அடிக்கடி ஓட்டியும், மீதி மாதங்களில் வெயிலில் கிடந்தும் வந்த கணக்கு இது. எனக்கு முழுத் திருப்தி.

ஓட்டத்தில் தெரியும் மாற்றம் அளவைவிடப் பெரிது. முன்பிருந்த அலுமினியக் குழலில் திடீர்க் காற்று வந்தால் படகு சாயும், நான் கயிற்றை விடுவேன், வேகம் போய்விடும். இதில் நுனி தானாகச் சாய்ந்து காற்றைக் கழித்துவிடுகிறது. படகு முன்னே பாய்கிறது. நுனி எடை குறைந்ததால் அலையில் தலையாட்டமும் குறைந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலையொட்டி வரும் சுமத்ரா சூறைக்காற்றில் மட்டும் இதை நம்பிப் போகாதீர்கள். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும் காற்று அது, கூடவே இடியும் வரும். மேற்கே வானம் கறுத்தால் நான் கரையேறிவிடுவேன். திறந்த நீரில் மின்னலின்போது எந்தப் பாய்மரமும் ஆபத்துதான், கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும் பொருளே.

குறை என்று பார்த்தால் உலோகம். உப்பு நீரில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் மின்கலம்போல வேலைசெய்து அலுமினியம் அரிக்கப்படும். பூம் உட்காரும் தகட்டின் அடியில் கிளாஸ் அடுக்கு போட்டு, திருகுகளுக்கு டெஃப்-ஜெல் என்ற அரிப்புத் தடுப்புப் பசை தடவியிருந்தேன். கழற்றிப் பார்த்தால் புதிதுபோல இருக்கிறது. கடையில் வாங்கிய ஒரு சிறு பொருத்தியில் மட்டும் அலுமினிய ரிவெட் இருந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, பெயிண்ட் கொப்புளம் விட்டது. இப்போது எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. உச்சியில் பாயைக் கொக்கியில் மாட்டும் அமைப்பு வைத்திருக்கிறேன். பாயை மேலே ஏற்றும் ஆஞ்சான் கயிற்றை அடியில் கட்டினால் அந்த இழுவிசை இரட்டிப்பாகிப் பாய்மரத்தை அமுக்கும். உச்சியில் மாட்டினால் அந்தச் சுமை பாதியாகிறது. பனிப்படகுக்காரர்களிடமிருந்து எடுத்தவற்றுள் மிகவும் பயன்பட்டது இதுதான். உப்பு படிந்து கொக்கி இறுகும், ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

குழலின் இரு முனையையும் நுரை வைத்து அடைத்திருப்பதால் உள்ளே 20 லிட்டர் அளவுக்குக் காற்று. படகு கவிழ்ந்தாலும் பாய்மரம் மிதந்து, தலைகீழாகப் புரள விடுவதில்லை. வெயிலில் உள்காற்று விரிந்து ஒட்டுகளை அழுத்தும் என்பதால் அடியில் ஒரு சிறு திருகுமூடி வைத்திருக்கிறேன். கரையில் திறப்பு, கடலில் மூடல்.

தேய்ந்தவை இரண்டு. தாங்கியில் எப்போதும் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பக்கத்தில் பெயிண்டின் பளபளப்பு போய், விரலில் வெள்ளை ஒட்டுகிறது. பாயின் ஓரக் கயிறு நுழையும் பள்ளத்தின் கீழ்வாய், மணல் உரசி அகன்றிருக்கிறது. முதலாவதற்குத் தேய்த்து ஒரு பூச்சு போதும்; தாங்கியில் வைக்கும்போது பக்கத்தை மாற்றி மாற்றி வைத்தால் இன்னும் தள்ளிப்போகும். இரண்டாவதற்குக் கிராஃபைட் தூள் கலந்த இபாக்ஸியால் வாயை மறுபடி வார்க்கலாம் என்று அந்த அண்ணன் சொல்லியிருக்கிறார்.

பொருள்களுக்கு ஏறத்தாழ 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. குழலை வார்க்கும் அச்சான மோல்டுக்கும் சூட்டுப் பெட்டிக்கும் தனியாக 300. ஒரே ஒரு பாய்மரத்துக்கு மோல்டு செய்வது கட்டுப்படியாகாது என்பது உண்மை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யுங்கள். மோல்டும் பெட்டியும் காக்கி புக்கிட் பட்டறையில்தான் இருக்கின்றன. அடுத்த பாய்மரத்தை வாடைக்காற்று தொடங்குவதற்கு முன் வார்க்க இருக்கிறோம்.