ஓகே பட்டனைக் காணவில்லை: 600 பிக்சல் உயரத்தில் 8 வருடம்

2010 கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் அந்த நெட்புக்கை, அதாவது குட்டி மடிக்கணினியை, வாங்கினேன். 10.1 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் என்455, 1 ஜிபி ரேம், விண்டோஸ் 7 ஸ்டார்டர். வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாத பதிப்பு அது. தோள்பையில் அடங்கும், ரயிலில் மடியில் வைத்துத் தட்டச்சு செய்யலாம், அது போதும் என்று இருந்தது. மெதுவாகத்தான் ஓடும் என்று தெரிந்தே வாங்கினேன். நான் கவனிக்காமல் விட்டது 1024×600 என்ற எண்ணை: திரையின் அகலமும் உயரமும், பிக்சலில்.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். பிரிண்டருக்கான மென்பொருளைப் போட்டேன். உரிமப் பக்கம் வந்தது. 'ஒப்புக்கொள்கிறேன்' வரியின் மேல்பாதி தெரிந்தது, அதோடு திரை முடிந்தது. அடுத்த பக்கத்துக்குப் போகும் பட்டன் டாஸ்க்பாருக்கு அடியில் எங்கோ இருந்தது. மூலையைப் பிடித்துச் சுருக்கலாம் என்றால் மூலையே கண்ணில் படவில்லை. தலைப்புப் பட்டையைப் பிடித்து மேலே தள்ளினேன்; கையை எடுத்ததும் பந்து மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. சரி என்று டேப் விசையை எண்ணி எண்ணித் தட்டி, குத்துமதிப்பாக என்டர் அடித்தேன். அது போய் விழுந்தது 'ரத்து செய்' மேல். மறுபடி முதலிலிருந்து.

கோளாறு அகலத்தில் இல்லை. அந்தக் காலத்து மென்பொருள்களில் பெரும்பாலானவை 1024×768 திரையை மனதில் வைத்துச் செய்தவை. நெட்புக்கில் அகலம் அதே 1024தான். உயரத்தில் மட்டும் 168 பிக்சலை வெட்டிவிட்டார்கள். அதிலும் டாஸ்க்பார் 40 எடுத்துக்கொண்டால் மிச்சம் 560. அதனால் நான் செய்த முதல் காரியம், டாஸ்க்பாரை இடப்பக்கம் ஒட்டவைத்தது. உலாவியை முழுத்திரையாக்க எஃப்11. இதற்கெல்லாம் இரண்டே நாளில் கை பழகிவிட்டது.

அடம்பிடிக்கிற பெட்டிகளுக்கு மருந்து வேறு. ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, எம் தட்டி, மேல் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் விண்டோ திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப் போகும். மவுஸுக்கு மறுத்ததைக் கீபோர்டுக்குக் கொடுக்கும். வேண்டிய பட்டன் கண்ணில் பட்டதும் என்டர். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

நடுவில் ஒரு ரிஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) வித்தையையும் செய்து பார்த்தேன். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள நெட்புக்குகளில் 'டிஸ்ப்ளே1_டவுன்ஸ்கேலிங்சப்போர்டட்' என்று ஒரு மதிப்பு இருக்கும். அதை 0விலிருந்து 1 ஆக்கி மறுதொடக்கம் செய்தால் 1024×768, 1152×864 இரண்டும் பட்டியலில் வந்துவிடும். வந்தது. ஆனால் 768 வரிகளை 600க்குள் அமுக்கினால் என்ன ஆகும்? வட்டமெல்லாம் முட்டை. ஆங்கில எழுத்தாவது தப்பித்தது. தமிழில் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, 'ண'வா 'ன'வா என்றே சந்தேகம் வந்தது. மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு இதைவிடக் கெட்ட நேரம் இருக்க முடியாது. அவசரத்துக்கு ஐந்து நிமிடம் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். விண்டோஸ் 8க்கு மாறவே இல்லை. அதன் ஸ்டோர் செயலிகளுக்குக் குறைந்தது 1024×768 வேண்டியிருந்தது.

2014இல் விண்டோஸுக்குப் பதில் லுபுண்டு 14.04 என்ற எடை குறைந்த லினக்ஸைப் போட்டேன். நிம்மதி அங்கேதான் கிடைத்தது. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தையும் மவுஸால் பிடித்து எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போனாலும் கவலையில்லை. திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ராண்டர் கட்டளையில் ஸ்கேல் அளவு 1.25 கொடுத்தால் 600 பிக்சல் திரை 1280×750 மாதிரி நடிக்கும். அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் முட்டை வடிவம் வராது, கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பேனிங் அளவையும் (மவுஸ் போய்வரக்கூடிய பரப்பு) கூடவே கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் விட்டபோது எனக்கு மவுஸ் முள் பழைய 1024×600 எல்லையிலேயே முட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் தினசரி உபயோகத்துக்கு ஆல்ட் இழுப்புதான். மற்றதெல்லாம் எப்போதாவது.

தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஓகே'க்கு 'சரி', அதில் நஷ்டமில்லை. ஆனால் 'ஆப்ஷன்ஸ்' 'விருப்பத்தேர்வுகள்' ஆகும்போது வரி மடங்குகிறது. மேலே 'கீ'யின் கொக்கி, கீழே 'கு'வின் வால் என்று நம் எழுத்துக்கு உயரமும் கூடுதல் வேண்டும். எழுத்துக்கேற்ப விரிகிற பெட்டியில் 15 வரி இருந்தால், வரிக்கு 3 பிக்சல் கூடினாலே 45 பிக்சல் போய்விட்டது. ஆங்கிலத்தில் மயிரிழையில் தெரிந்த பட்டன் தமிழில் கீழே மூழ்கிவிடும். அப்படி மூழ்கிய ஒரு செயலிக்கு மட்டும் எழுத்தளவை ஒரு புள்ளி குறைத்து வைத்திருந்தேன்.

2019 தொடக்கத்தில் பேட்டரி செத்து நெட்புக் ஓய்வு பெற்றது. பிரச்சினையும் அதோடு போனது என்றுதான் நினைத்தேன். இப்போது அப்பாவிடம் இருப்பது 1366×768 மடிக்கணினி. எழுத்து சிறியதாக இருக்கிறது என்றார் என்று ஸ்கேலிங்கை 125 சதவீதம் ஆக்கிக் கொடுத்தேன். 1366ஐயும் 768ஐயும் 1.25ஆல் வகுத்துப் பாருங்கள்: மென்பொருளுக்கு மிஞ்சும் இடம் சுமார் 1093×614. சுற்றிச் சுற்றி ரிச்சி தெருவுக்கே வந்துவிட்டேன்.

போன வாரம் போன் வந்தது.

"தம்பி, ஓகே பட்டனைக் காணோம்ப்பா."

"ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்துங்க. மெனு வருதா? இப்ப எம். அப்புறம் மேல் அம்புக்குறி, அழுத்திக்கிட்டே இருங்க."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"போகுது, போகுது... வந்துடுச்சுப்பா. சரி, இப்ப இத எப்படிக் கீழ இறக்குறது?"