ஒற்றைக் குழாயா, இன்னர் டியூப் வைத்ததா?

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கு ஐசியூவில் மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் துளையிட்டுப் (டிரக்கியாஸ்டமி) போட்டது ஒற்றைக் குழாய். வார்டுக்கு வந்து அதை மாற்றும் நாளில் டாக்டர் கேட்டார்: "அதே மாதிரி போட்டுடலாமா, இல்ல இன்னர் டியூப் வச்சது வாங்கிட்டு வர்றீங்களா?" இன்னர் டியூப் என்றால் வெளிக்குழாய்க்குள் செருகி, தனியாகக் கழற்றக்கூடிய உள்குழாய். விலை கூடுதல்தான். இருந்தாலும் வாங்கி வந்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சக்‌ஷன் (குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுப்பது) முறையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கத்தீட்டரை, அதாவது உறிஞ்சும் மெல்லிய குழாயை, உள்ளே விடும்போது உறிஞ்சக்கூடாது, வெளியே இழுக்கும்போது மட்டும்தான். 10 முதல் 15 வினாடிக்குள் முடித்துவிட வேண்டும். மணி பார்த்து அல்ல, சளி கரகரக்கும்போது எடுக்க வேண்டும். கஃப் (குழாயைச் சுற்றி உள்ளே ஊதிவைக்கும் பலூன்) இரண்டிலும் கிடைக்கிறது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது அடைப்பு. மூக்கு வழியாகப் போனால் காற்று ஈரமாகும். தொண்டைத் துளை வழியாக நேராக இறங்கும் காற்றுக்கு அது கிடையாது. அதனால் கஞ்சி காய்ந்த பாத்திரம்போல் குழாயின் உள்சுவரில் சளி ஏடு ஏடாகப் படிகிறது. கத்தீட்டர் நடுவே போய் இளகிய சளியை உறிஞ்சுமே தவிர, சுவரைச் சுரண்டாது. ஒற்றைக் குழாய் முழுவதும் அடைத்துக்கொண்டால் குழாயையே வெளியே எடுக்க வேண்டும். துளை போட்டு ஒரு வாரம்கூட ஆகாதவருக்கு அது ஆபத்து, துளை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவின் மூச்சில் விசில் சத்தம். சிஸ்டர் விட்ட கத்தீட்டர் கொஞ்ச தூரத்திலேயே முட்டி நின்றது. அவர் பதறவில்லை. வெளிக்குழாயின் இறக்கையை (கழுத்தில் படிந்திருக்கும் தட்டை) ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி இன்னரைத் திருகி இழுத்தார். உள்ளே வேப்பம்பிசின் மாதிரிப் பழுப்பாக ஒரு கட்டி. டப்பாவில் இருந்த மாற்று இன்னரைச் செருகினார், டக்கென்று பூட்டிக்கொண்டது. விசில் நின்றது. டாக்டரை எழுப்பவே இல்லை.

சரி, குறை இல்லையா? உண்டு. இன்னர் போட்டால் உள்வழி ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் குறுகும். கத்தீட்டர் உள்வழியில் பாதிக்கு மேல் அடைக்கக்கூடாது என்பதால், 8-ம் நம்பர் குழாயில் ஓடிய வெள்ளை முனை 12-ம் நம்பர் கத்தீட்டரை விட்டுக் கறுப்பு முனை 10-க்கு இறங்கினோம். கெட்டிச் சளிக்கு அது கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. அப்புறம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இன்னரைக் கழற்றிப் பார்த்துக் கழுவ வேண்டும். சளி அதிகமென்றால் இன்னும் அடிக்கடி. அதைச் செய்ய ஆளில்லாவிட்டால் கூடுதல் விலை கொடுத்து ஒற்றைக் குழாய் வாங்கியதுபோலத்தான். இன்னொன்று: சில மாடல்களில் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) மாட்டும் முனை இன்னரோடுதான் இருக்கும். கழுவ எடுத்துப்போன இடத்தில் அதை மறந்துவிட்டு வந்தால், அவசரத்தில் பேக் மாட்ட வழியிருக்காது. அதனால்தான் மாற்று இன்னர் எப்போதும் கட்டிலோரம் இருக்க வேண்டும்.

நான் பார்த்தது ஒரே நோயாளி, அதுவும் அப்பா வென்டிலேட்டரை விட்டு வந்த பிறகு. வென்டிலேட்டரிலிருந்து மெல்ல விடுவிக்கும் கட்டத்தில் குறுகிய வழி மூச்சுக்குப் பாரம், அங்கே டாக்டர் சொல்வதுதான் கணக்கு. சின்னக் குழந்தைகளுக்கு இடமே இல்லாததால் பெரும்பாலும் ஒற்றைதான். நாலைந்து நாளில் குழாயை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொன்னால் நானும் ஒற்றையிலேயே விட்டிருப்பேன்.