பழைய மோட்டார் சைக்கிளுக்கான கார்புரேட்டர் ரிப்பேர் கிட்: ஒரு மதிப்பீடு

திராட்டிலை முக்கால் பங்குக்கு மேல் முறுக்கும்போது எஞ்சின் திணறி, சற்றுத் தளர்த்தியதும் இழுவை திரும்புகிறது என்றால், கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) மெயின் ஜெட்டையோ (திராட்டிலை அதிகம் திறக்கும்போது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகு), மிதவைக் கிண்ணத்துக்கு (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் அறை) பெட்ரோல் வந்து சேரும் வழியையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கிட்டில் மெயின் ஜெட், பைலட் ஜெட் (ஐட்லிங்கிலும் குறைந்த திராட்டிலிலும் பெட்ரோலை அளந்து விடுவது), ஃப்ளோட் நீடில் (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி), ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), கேஸ்கெட் (இணைப்புகளுக்கு இடையே வைக்கும் அடைப்புத் தகடு) ஆகியவை வருகின்றன. ரப்பர் பாகங்களின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய வண்டிகளின் ஓ-ரிங்குகள் கெட்டுப்போவது வழக்கம் என்பதால், இவற்றுக்காகவே கிட்டை வாங்கலாம். ஃப்ளோட் நீடிலின் கூம்பு முனையும் கசிவின்றி அமர்ந்தது. ஜெட்டுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை: மெயின் ஜெட்டில் பொறித்த எண் பழையதோடு ஒத்திருந்தும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது துளையின் விளிம்பில் பித்தளைப் பிசிறு ஒட்டியிருந்தது. ஆகவே பழைய ஜெட்டையே கிளீனர் தெளித்து, காற்றடித்துச் சுத்தம் செய்து (கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்) மாட்டினேன்; முழுத் திறப்பிலும் இழுவை திரும்பிவிட்டது. பொருத்தும் முறை பற்றிய குறிப்பு உறையில் இல்லாதது பெருங்குறை. வாங்குவதற்கு முன், வண்டி திணறி நிற்கும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால் கோளாறு மூடியின் காற்றுத் துளையில் இருக்கிறது, அதற்கு இந்தக் கிட் பயன்படாது.