கை நடுங்கும்போது குளுக்கோஸா, சுண்டலா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சர்க்கரை தாழ்ந்துபோகிறவர்கள் கைப்பையில் எதை வைத்துக்கொள்வது?

வேகம்: 15 கிராம் குளுக்கோஸ் சுமார் 15 நிமிடத்தில் ஏற்றிவிடும். சுண்டல் செரிக்க நேரமாகும். 70க்குக் கீழே இறங்கியவருக்கு அதை மட்டும் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

நிலைப்பு: அறுவைக்கு முன், தாழ்வுக்குப் பெரும்பாலும் காரணம் இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோதான். அறுவைக்காகச் சாப்பாட்டைக் குறைத்த பிறகும் மருந்து பழைய அளவிலேயே போகும். அளவை மாற்ற டாக்டரைக் கேளுங்கள். இரைப்பையைச் சிறிதாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் அறுவைக்குப் பின் கதை வேறு. உணவு சிறுகுடலுக்குச் சட்டென்று இறங்க, சர்க்கரை ஏறி, இன்சுலின் அதிகமாகச் சுரந்து, 1 முதல் 3 மணி நேரத்தில் சரிந்துவிடும். இது பெரும்பாலும் ஓராண்டு கழித்தே தலைகாட்டும். என் அக்கா இட்லி சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துத் துணி மடித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கையில் பாதி மடித்த துண்டு, மீட்டரில் 54. வெறும் குளுக்கோஸ் கொடுத்தோம். ஏறியது, மறுபடி இறங்கியது. அடுத்த முறை குளுக்கோஸ் கொடுத்து, சர்க்கரை ஏறியதும் ஒரு கைப்பிடி சுண்டல். அப்புறம் இறங்கவில்லை.

செலவு: இரண்டுமே மலிவு. சுண்டல் ஊசிப்போகும், பொடி கெடாது.

சரி, எது யாருக்கு? தாழ்ந்துவிட்டால் எல்லோருக்கும் குளுக்கோஸ். பைபாஸ் செய்தவர்கள் தாழாமல் இருக்க, ஒவ்வொரு வேளையும் சுண்டல், முட்டை போன்ற புரதம். அகார்போஸ் (மாவுச்சத்தும் சர்க்கரையும் செரிப்பதைத் தாமதப்படுத்தும் மருந்து) மாத்திரை எடுப்பவருக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் பலிக்காது, குளுக்கோஸே வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.